விதைநெல்லுக்கும் ஆயுள் உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஓர்ஸ் ஹில்லில் வயல் கிடையாது. கீழே துறைமுகம், மேலே வீடுகளும் கந்தோர்களும். ஆனால் இங்கே குடியிருக்கும் நம்மில் பலருக்குக் கிண்ணியாவிலோ மூதூரிலோ தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ ஒரு துண்டுக் காணி இருக்கிறது. நமக்கு இல்லாவிட்டால் மச்சானுக்கோ சாச்சாவுக்கோ இருக்கும். பெரும்போகம் நெருங்கினால் வீட்டுப் பேச்சில் விதைநெல் வந்துவிடும். "இந்த முறை என்ன இனம் போடுறீங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும். "அந்த விதை உயிரோட இருக்கா?" என்று கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை. இரண்டாவது கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் மாவட்டத்தோடு நன்றாகவே பின்னிக் கிடக்கிறது.

முதலில் இனத்தின் கதை. அதை நம் துறைமுகத்தில் குண்டு விழுந்த ஆண்டிலிருந்து தொடங்கலாம்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதை நம் மூத்தவர்கள் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த இன்னொன்றைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு கடல்கடந்து வந்தது, அதிலும் பர்மா அரிசியே முக்கியம். ரங்கூன் போனதும் அந்த அரிசிக் கப்பல் நின்றது. நாடு பங்கீட்டு அரிசிக்குள் சுருங்கியது. போர் முடிந்த பிறகும் நிலை சீராகவில்லை. 1952இல் சீனாவுக்கு றப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் செய்தோம். 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்போய், ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகும்வரை போனது. அரிசி அரசாங்கத்தையே ஆட்டிய காலம் அது. கூடுதலாக விளையும் நெல்லைத் தேடிய அவசரத்துக்குக் காரணம் அறிவியல் ஆர்வம் மட்டுமாக இருக்க முடியாது.

1940களில் நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டெயருக்கு ஒரு தொன்னைக்கூட எட்டவில்லை. நம் கணக்கில் சொன்னால் ஏக்கருக்கு இருபது புசலுக்கும் கீழே. இன்று ஏக்கருக்கு எண்பது புசல் என்றால் "பரவாயில்லை" என்கிறோம்.

1952இல் குருநாகல் மாவட்டத்தில் இப்பாகமுவைக்குப் பக்கத்தில் பத்தலகொடையில் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கியது. அதற்கு முன்பும் வேலை நடந்திருந்தது. 1912இல் தொடங்கிய விவசாயத் திணைக்களம் நாட்டு நெல்களிலிருந்து தூய வரிசைகளைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தது. தூய வரிசை என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு வயலில் பார்வைக்கு ஒரே மாதிரி நிற்கும் நாட்டு நெல் உண்மையில் ஒரு கலவை. நல்ல கதிர்களைத் தனித்தனியாகக் கொய்து, ஒரு கதிரின் மணிகளை ஒரு வரிசையாக விதைத்து, எந்த வரிசை நன்றாக வருகிறது என்று பார்த்து, அதை மட்டும் பெருக்குவது. வயலில் நல்ல பக்கத்தைப் பார்த்து "இதை விதைக்கு வை" என்று சொன்ன நம் மூத்தாப்பாமார் செய்ததும் இதன் தம்பி முறைதான். திணைக்களம் அதற்கு எண் போட்டது. பச்சைப்பெருமாள் 2462/11, முருங்கைக்காயன் 302 என்று எண்ணோடு பெயர் கொண்ட நெல்கள் அப்படி வந்தவை.

பெயர்களைக் கவனியுங்கள். இரண்டும் தமிழ்ப் பெயர்கள். இந்த முருங்கைக்காயன் 302ஐ இந்தோனேசியாவிலிருந்து வந்த மாஸ் என்ற நெல்லோடு கலந்து பிறந்ததுதான் எச்-4. மலாய் மொழியில் மாஸ் என்றால் தங்கம். பத்தலகொடையில் இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் கலாநிதி ஹெக்டர் வீரரத்ன. 1950களின் கடைசியில் எச்-4 விவசாயிகளிடம் வந்தது. பசளை போட்டால் பலன் தந்தது. எரிபந்த நோயைத் தாங்கியது. சில வருடங்களுக்குள் நாடு முழுக்கப் பரவியது. பிலிப்பைன்சில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் புகழ்பெற்ற ஐ.ஆர். 8ஐ வெளியிட்டது 1966இல்தான். அதற்குப் பல வருடம் முன்பே இந்தச் சின்னத் தீவு தன் சொந்த மேம்பட்ட நெல்லை வயலில் இறக்கிவிட்டது. பசுமைப் புரட்சி என்றால் வெளியிலிருந்து வந்து இறங்கிய ஒன்று என்று பாடப்புத்தகத்தைப் படித்த பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் நாட்டு நெல்லைப் பொறுத்தவரை அது பாதி உண்மைகூட இல்லை.

எச்-4க்கு ஒரு குறை இருந்தது. உயரமான பயிர். பசளை கூடினால் கதிர்ப் பாரம் தாங்காமல் சாயும். குட்டையான தண்டைக் கொண்ட ஐ.ஆர். 8 உலகத்துக்குக் காட்டியது இதற்கான விடையைத்தான். அந்தக் குட்டைத் தன்மையைப் பத்தலகொடைக்காரர்கள் தங்கள் நெல்களுக்குள் கொண்டுவந்தார்கள். 1970களில் பீ.ஜி. 11-11, பீ.ஜி. 34-8, பீ.ஜி. 94-1 என்று வரிசையாக வந்தன. பீ.ஜி. 90-2 கடல் தாண்டி மேற்கு ஆபிரிக்காவின் மாலி வரை போய் அங்கே வயல்களை நிரப்பியது.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான், "சேர், 352 என்டா 352ஆவது நெல்லா?" நல்ல கேள்வி. இல்லை மகன். பீ.ஜி. என்பது பத்தலகொட. ஏ.டி. என்பது அம்பலாந்தோட்டை. பீ.டபிள்யூ. பொம்புவல, எல்.டி. லபுதுவ. அடுத்து வரும் எண்ணில் வயது ஒளிந்திருக்கிறது. 250 என்றால் இரண்டரை மாத நெல், 300 மூன்று மாதம், 352 மூன்றரை மாத வகுப்பில் ஒன்று, 400களில் உள்ளவை நாலு மாதம். ஏ.டி. 362, கீரிச்சம்பா என்று நாம் கடையில் கேட்கும் பீ.ஜி. 360 இரண்டும் அதே மூன்றரை மாத வகுப்புத்தான். பழைய 11-11, 94-1 போன்றவை இந்த முறைக்கு முந்திய எண்கள். குளத்தில் தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும் என்று பார்த்து இனம் தெரிவு செய்யும் நம் விவசாயிக்கு இந்த எண் ஒரு கலண்டர்.

இனத்தின் கதையில் எல்லாம் வெற்றி என்று எழுதி முடித்துவிட முடியாது. இந்த நெல்கள் பசளையை நம்பி வளர்க்கப்பட்டவை. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியபோது என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அதே வருடம் நவம்பரில் தடையை விலக்கினாலும் அந்தப் பெரும்போகம் தப்பவில்லை. அதன் பிறகு பச்சைப்பெருமாளையும் சுவந்தெல்லையும் களு ஹீனட்டியையும் தேடும் ஆர்வம் கூடியிருக்கிறது. நல்லது, அவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் முகநூலில் சிலர் எழுதுவது மாதிரி நாட்டு நெல்லால் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வாய்களை நிரப்பிவிடலாம் என்று நான் நம்பவில்லை. 1942ஐ மறந்தவர்கள்தான் அப்படி எழுத முடியும்.

இனி அந்த இரண்டாவது கேள்வி.

பத்தலகொட எவ்வளவு நல்ல இனத்தைத் தந்தாலும், சேற்றில் விழும்போது அந்த மணி செத்திருந்தால் அதன் பெயரால் என்ன பிரயோசனம்? விதை என்பது உறங்கும் உயிர். உள்ளே ஒரு முளைக்கரு, அதற்குச் சாப்பாடாகக் கொஞ்சம் மாப்பொருள். அது உறங்கும்போதும் மெல்ல மூச்சு விடுகிறது, மெல்லக் கிழடாகிறது. கிழட்டு விதையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. செத்த நெல்லும் உயிருள்ள நெல்லும் ஒரே நிறம், ஒரே பாரம். விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. அல்லது விற்பவனுக்கு மட்டும் தெரியும்.

அந்த மூன்றாவது வகை வியாபாரிகளால்தான் விதைப் பரிசோதனையே பிறந்தது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் விதை வியாபாரத்தில் நடந்த ஏமாற்றுகளை வாசித்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். புல் விதைக்குள் விதையின் பருமனுக்குச் சலித்துச் சாயம் போட்ட மணலைக் கலந்தார்கள். மலிவான வேறு விதைகளை வாங்கி, அவை முளைத்துக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகச் சூடாக்கிக் கொன்று, நல்ல விதையோடு கலந்து விற்றார்கள். 1869இல் பிரித்தானியா இதைத் தடுக்க விதைக் கலப்படச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதே 1869இல் ஜேர்மனியில் சாக்சனிப் பகுதியின் தாரண்ட் என்ற ஊரில் பிரீட்ரிக் நோபே என்பவர் உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். 1924இல் நாடுகள் சேர்ந்து சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தை அமைத்தன. எத்தனை விதையை எண்ணி எடுப்பது, எத்தனை நாளில் பார்ப்பது என்று ஒரே அளவுகோல் வந்தது. இன்றும் அடிப்படை அதுதான். 400 விதை எடு. ஈரத்தில் வை. ஒழுங்காக முளைத்ததை மட்டும் எண்ணு. வேர் மட்டும் வந்து குருத்து வராததும், கோணலாக வந்ததும் கணக்கில் சேராது.

இலங்கையின் விதைச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். பிரித்தானியச் சட்டத்துக்கு 134 வருடம் பிந்தி வந்தது. திணைக்களத்தின் சான்றுப்படுத்தும் வேலை அதற்கு முன்பே நடந்ததுதான், ஆனால் சட்டப் பலம் அப்போதுதான் கிடைத்தது. சான்றுப்படுத்தப்பட்ட விதைநெல் என்றால் நூற்றுக்கு 85 ஆவது முளைக்க வேண்டும், ஈரப்பதன் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது, வேறு இனமும் களை விதையும் அளவுக்கு மேல் கலந்திருக்கக் கூடாது. இதைச் சான்றிதழ்ச் சீட்டோடு வாங்கலாம். ஆனால் நாட்டுக்குத் தேவையான விதைநெல்லில் ஒரு பங்குதான் அப்படிக் கிடைக்கிறது. மீதியை விவசாயி தன் வயலிலிருந்தோ பக்கத்து வயலிலிருந்தோ எடுக்கிறான். அந்த மீதிக்கு யார் சீட்டுக் கொடுப்பது?

நம் பகுதியில் இது ஏன் கூடுதல் பிரச்சினை என்று பாருங்கள். குளத்துத் தண்ணீர் உள்ள இடத்தில் இரண்டு போகம். சிறுபோகத்தில் ஓகஸ்ட், செப்டெம்பரில் வெட்டிய நெல்லை ஒக்டோபர், நவம்பரில் விதைத்துவிடலாம். விதை இரண்டு மாதம் தூங்கினால் போதும். மழையை நம்பிய மானாவாரிக் காணிக்கு ஒரு போகம்தான். பெப்ரவரி, மார்ச்சில் வெட்டியதை அடுத்த மழை வரைக்கும் வைத்திருக்க வேண்டும். எட்டு மாதம். அதுவும் கச்சான் காற்று வீசி ஓட்டு வீடு அடுப்பாகும் மாதங்களை எல்லாம் தாண்டி. கையில் காசில்லாத விவசாயிதான் பெரும்பாலும் அந்த ஒரு போகக் காணிக்காரன். விதை அதிக நாள் உயிரோடு இருக்க வேண்டியதும் அவனுடைய சாக்குக்குள்தான்.

விதை எவ்வளவு வேகமாகக் கிழடாகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹரிங்டன் இரண்டு எளிய விதிகளைச் சொன்னார். விதையின் ஈரப்பதன் ஒரு வீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும். வைக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரு மடங்காகும். துல்லியமான கணக்கு இல்லை, கைக்கணக்கு. ஆனால் நன்றாக வேலை செய்யும் கைக்கணக்கு. 14 வீத ஈரத்தில் ஆறு மாதம் தாங்கும் விதை 12 வீதத்தில் இரண்டு வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே வீதம், நாலு மடங்கு ஆயுள்.

அவர் பெயரில் இன்னொரு கணக்கும் உண்டு. வைக்கும் இடத்தின் வெப்பத்தைப் பாரன்ஹைட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பதன் வீதத்தோடு கூட்டினால் நூறுக்குள் இருக்க வேண்டும், அப்போது விதை நன்றாக இருக்கும். திருகோணமலைக்குக் கூட்டிப் பாருங்கள். சராசரி வெப்பம் 28 பாகை செல்சியஸ் அளவு, பாரன்ஹைட்டில் 82. கடற்கரைக் காற்றின் ஈரப்பதன் எழுபதுகளில். கூட்டினால் நூற்றைம்பதைத் தாண்டுகிறது. விதை வைப்பதற்கு உலகத்தில் பொருத்தமில்லாத இடங்களின் பட்டியல் போட்டால் நம் ஊருக்கும் ஒரு வரி உண்டு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, நெல் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும் என்பது. நீங்கள் வெயிலில் நாலு நாள் காயவைத்து 12 வீதத்துக்குக் கொண்டுவந்து சணல் சாக்கில் கட்டி வைக்கிறீர்கள். காற்றின் ஈரப்பதன் 75 வீதம் என்றால், சில கிழமைகளில் அந்த நெல் மெல்ல மெல்ல 14 வீதத்துக்குக் கிட்டப் போய்விடும். சணல் சாக்கு மூச்சு விடும், யூரியாப் பையும் பின்னல் இடைவெளியால் மூச்சு விடும். காயவைத்த பாடெல்லாம் வீண். சாக்குக்குள் போடும் வேப்பிலையும் நொச்சி இலையும் அந்துப்பூச்சிக்கு ஓரளவு தடை. ஈரத்துக்கு அவை ஒன்றும் செய்யா.

பழைய ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள்? எனக்குத் தெரிந்து இரண்டு விஷயம் அவர்களுக்குத் துணை. ஒன்று, சூடு. வெட்டிய உடனே அடிக்காமல் கதிரோடு கட்டிச் சூடாக அடுக்கி வைத்து, நாள் பார்த்துத்தான் களத்தில் போட்டார்கள். நெல் கதிரிலேயே ஆறுதலாக உலர்ந்தது. சூட்டில் மழை இறங்கினால் உள்ளே அவிந்து எல்லாம் போகும், அந்தப் பயமும் இருந்தது. இதை எழுதும்போது யூசுப் நபியின் வரலாறு நினைவுக்கு வராமல் இருக்காது. பஞ்ச வருடங்களுக்கு முன், அறுத்ததில் சாப்பாட்டுக்கு வேண்டிய கொஞ்சத்தைத் தவிர மற்றதைக் கதிரோடே விட்டுவைக்கச் சொன்னது சூரா யூசுபில் வருகிறது. தானியச் சேமிப்புக்கு இவ்வளவு நுணுக்கமான ஆலோசனை அங்கே இருப்பதை நாம் ஓதிவிட்டுக் கடந்து போகிறோம். ஆனால் எகிப்தின் காற்றும் நம் காற்றும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அங்கே வறட்சியே பாதி வேலையைச் செய்துவிடும். வறட்சி என்ன செய்யும் என்பதற்கு, சாக்கடலோரத்தில் மசாதாக் கோட்டையில் தோண்டி எடுத்த பேரீச்சங்கொட்டை ஒன்று ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் கழித்து 2005இல் நட்டபோது முளைத்ததைச் சொல்லலாம். நம் நெல் அந்தச் சாதி இல்லை, நம் ஊரும் அந்த ஊர் இல்லை.

மற்றது, விதைக்கென்று தனிக் கவனம். பல்லில் கடித்து "டக்" என்று உடைகிறதா, நசுங்குகிறதா என்று பார்க்காமல் விதைநெல்லைக் கட்டமாட்டார்கள். ஈரமானி இல்லாத காலத்தின் ஈரமானி அது.

இப்போது வெட்டு மெஷின் வருகிறது. ஒரே நாளில் வேலை முடிகிறது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் மெஷினிலிருந்து இறங்கும் நெல்லில் இருபது வீதத்துக்கும் மேல் ஈரம் இருக்கலாம். அதை அன்றே பரப்பாவிட்டால் சாக்குக்குள்ளேயே சூடேறும். சில்லின் வேகம் கூடினால் உமிக்குள் மணி வெடிக்கும், வெளியே தெரியாது. இன்னொன்று, ஒரு வட்டையில் வெட்டிய மெஷின் துப்புரவு செய்யப்படாமல் அடுத்த வட்டைக்குள் இறங்கும்போது பன்றிநெல்லையும் கூட்டிக்கொண்டு போகிறது. பன்றிநெல் நெல்லின் இரத்த உறவு. இளம் பருவத்தில் பிரித்தறிய முடியாது, களைநாசினிக்கும் தப்பும், நாம் வெட்டுவதற்கு முன்பே தன் மணிகளைக் கொட்டிவிடும். கொட்டியவை மண்ணில் நீண்ட நாள் உயிரோடு கிடக்கும். நாம் பாதுகாக்கப் பாடுபடும் விதை சாகிறது, வேண்டாத விதை வாழ்கிறது. 1990களிலிருந்து கிழக்கில் இது பெரிய தலையிடி. விதைநெல்லுக்குள் பன்றிநெல் இரண்டு மணி இருந்தாலும் அது நாமே காசு கொடுத்து விதைத்த களை.

விதையில் நம்பிக்கை இல்லாதபோது நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கூட எறிகிறார்கள். வீசி விதைப்புக்கு ஹெக்டெயருக்கு 100 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் இரண்டு புசல் போதும் என்பது திணைக்களத்தின் கணக்கு. நம் பக்கம் மூன்று, நாலு என்று போகிறது. கேட்டால் "முளைக்காட்டி என்ன செய்யுற சேர்?" என்கிறார்கள். நியாயமான பயம்தான். கணக்கைப் பாருங்கள். 85 வீதம் முளைக்கும் விதையில் இரண்டு புசல் போட்டால் 1.7 புசல் உயிர். அதே உயிர் 60 வீத விதையில் வேண்டும் என்றால் 2.8 புசல் போட வேண்டும். ஐந்து ஏக்கர்காரனுக்கு நாலு புசலுக்கு மேல், எண்பது கிலோவுக்கு மேல் நெல், சும்மா சேற்றுக்குள். அப்படியும் கணக்கு நேராகாது. 60 வீதத்துக்கு இறங்கிய விதையில் முளைப்பதும் நோஞ்சானாகத்தான் முளைக்கும். பயந்து கூடப் போட்டு, அந்த விதை நல்ல விதையாக இருந்துவிட்டால் பயிர் நெருங்கி நோய் பிடிக்கும். எண்ணிப் பார்க்காததற்கு இரண்டு பக்கமும் தண்டம்.

இதெல்லாம் சமாதான காலத்துக் கணக்கு. நம் மாவட்டத்துக்கு வேறு கணக்கும் தெரியும். 2006 ஜூலையில் மாவிலாறு மதகு மூடப்பட்டுச் சிறுபோக வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. ஓகஸ்டில் மூதூர்ச் சனம் உடுத்த உடுப்போடு கந்தளாய்ப் பக்கம் வந்தது. அவர்கள் சில கிழமைகளில் திரும்பினார்கள். சம்பூர் மக்கள் அதே வருடம் வெளியேறியவர்கள், தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல். இடம்பெயர்வின் இழப்புகளை எழுதியவர்கள் உயிர், வீடு, மாடு, வள்ளம் எல்லாவற்றையும் கணக்கிட்டார்கள். அவர்கள் வீட்டில் விட்டுவந்த விதைநெல்லை யாரும் கணக்கிட்டதாக நான் காணவில்லை. யாரும் தொடாமல் அப்படியே இருந்திருந்தாலும், நம் வெப்பத்தில் ஒன்பது வருடம் சாக்கில் கிடந்த நெல்லில் ஒரு மணிகூட முளைத்திருக்காது. திரும்பி வந்தவர்கள் முதல் மழைக்கு எதை விதைத்திருந்தாலும் அது வேறு யாருடையவோ வயலில் விளைந்த விதை. தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு நெல்லின் தொடர்ச்சி ஒரு போகம் விதைக்காவிட்டால் ஆடும், இரண்டு மூன்று போகம் விதைக்காவிட்டால் அறும். வயலில் விதைத்துக்கொண்டே இருப்பதுதான் நம் ஊரின் விதை வங்கி. அது மூடப்பட்டால் உள்ளே இருப்பதும் போகும்.

கன்னொறுவையில் ஜப்பானிய உதவியோடு 1988இல் கட்டிய மரபுவளப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. நாட்டு நெல்களின் விதைகளை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைத்து, குளிரறையில் வைத்திருக்கிறார்கள். ஹரிங்டனின் இரண்டு விதியையும் ஒன்றாகப் பிடித்த இடம். முளைப்புத்திறனைக் காலத்துக்குக் காலம் சோதித்து, இறங்கினால் மறுபடி விதைத்துப் புது விதை எடுப்பது இப்படியான வங்கிகளின் வழக்கம். ஆனால் அங்கே இருப்பது கைப்பிடி அளவுதான். ஓர் இனம் உலகத்திலிருந்து அழியாமல் அது காப்பாற்றும். இடம்பெயர்ந்து திரும்பிய ஒருவருக்கு அந்த ஒக்டோபரில் ஐந்து ஏக்கருக்கு விதை தராது.

குளிரறை நமக்கு வாய்க்காது. வெப்பத்தை நாம் மாற்ற முடியாது. மிஞ்சியிருப்பது ஈரம் ஒன்றுதான், அது நம் கையில் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த விதையை, வெயில் சூடு ஆறிய பிறகு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பரலில் விளிம்பு வரை நிரப்பி மூடி வையுங்கள். தடித்த பொலித்தீன் உறையைச் சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டினாலும் சரி. உள்ளே இருக்கும் அந்து தானே மூச்சு முட்டிச் சாகும். ஈர நெல்லை இப்படி அடைத்தால் மட்டும் விதையும் சேர்ந்து சாகும், அதைக் கவனியுங்கள். அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம்.

விதைப்புக்கு இரண்டு கிழமைக்கு முன், சாக்கின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கை விட்டு எடுத்து, கலந்து, பொறுக்காமல் நூறு மணி எண்ணுங்கள். பெரிய மணியாகத் தெரிந்தெடுத்தால் உங்களையே ஏமாற்றுகிறீர்கள். ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, காயவிடாமல் வையுங்கள். ஏழாம் நாள் வேரும் குருத்தும் ஒழுங்காக வந்ததை எண்ணுங்கள். வெட்டி ஒரு மாதம்கூட ஆகாத புது நெல் என்றால் எண்ணிக்கை குறைவாக வரலாம். சில இனங்கள் வெட்டிய பிறகும் சில கிழமை உறங்கும். அது சாவு இல்லை, மழைக்குக் கதிரிலேயே முளைத்துவிடாமல் இருக்க அதற்கு உள்ள பாதுகாப்பு. இரண்டு கிழமை விட்டுத் திரும்ப எண்ணுங்கள்.

சப்பியைப் பிரிக்க உப்புத் தண்ணீர் முறை உண்டு. 1880களில் ஜப்பானின் புகுவோகாவில் யோகோய் தோகியோஷி என்ற ஆசிரியர் பரப்பியது. நமக்கு நிலாவெளி உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீரில் நல்ல பச்சை முட்டை ஒன்றை இடுங்கள், தாழும். முட்டை மிதந்து மேலே ஒரு நாணயம் அளவு தெரியும்வரை உப்பைக் கரையுங்கள். அதில் நெல்லைக் கொட்டி, மிதப்பதை அள்ளி மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிட்டு, தாழ்ந்ததை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்கு ஊறவையுங்கள். இது பாரமான மணியைத் தெரிந்தெடுக்கும். உயிருள்ளதா என்று சொல்லாது. அதற்கு அந்த நூறு மணிதான்.

இந்த முறை எண்ணிப் பார்ப்பவர்கள் கீழே எழுதுங்கள்: என்ன இனம், எந்தப் போகத்தில் வெட்டியது, சாக்கா பரலா, நூற்றுக்கு எத்தனை. இருபது முப்பது பேர் எழுதினால் அதை ஒரு அட்டவணையாக்கி நம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.